டன்டாஸ் தெருவில் எங்களை இறக்கி ஏற்றிய செயற்குழுவுக்கு

எங்கள் மூத்தோர் சங்கச் செயற்குழுவினருக்கு வணக்கம்.

போன சனிக்கிழமைச் சுற்றுலாவில் நடந்தது உங்களுக்கும் தெரியும். ரொறன்ரோ டன்டாஸ் தெருவில் இருக்கும் ஒன்ராறியோ கலைக்கூடத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தி, "இறங்கி ஒரு படம் எடுத்திட்டு வாங்கோ, மோலுக்கு நேரமாகுது" என்றீர்கள். நாங்கள் கலைக்கூடம் பார்த்த கதை அவ்வளவுதான். அடுத்த முறை எங்களை உள்ளே போக விடுங்கள், குறைந்தது இரண்டு மணி நேரம்.

1929இல் இதே ரொறன்ரோவில் பிறந்த கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி, வேறு ஊர்களில் எல்லாம் பேர் வாங்கிய பிறகு, 2008இல் புதுப்பித்துக் கொடுத்த கட்டடம் அது. தெருப்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதன் இரு முனைகளும் சுவரை விட்டு விலகி அந்தரத்தில் நிற்கின்றன. நல்ல துணிச்சல்காரர்! கண்ணாடிக்குப் பின்னால் 450 அடி நீளக் கூடம். அதைத் தாங்குவது டக்ளஸ் ஃபேர் என்ற ஊசியிலை மரத்தில் வளைத்த சட்டங்கள். வெளியில் நின்று பார்த்தால் கவிழ்த்துவைத்த வள்ளத்தின் உட்புறம் மாதிரித்தான் இருக்கிறது.

அதைக் கண்டுபிடித்தது நானல்ல. வல்வெட்டித்துறையில் வள்ளம் கட்டிய குடும்பத்து ஐயா ஒருவர் நம்மோடு வந்தாரே, அவர்தான். பொல்லை ஊன்றியபடி கண்ணாடியில் நெற்றி முட்ட நின்று, மரத்தை எங்கே பொருத்தியிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தார். "உள்ளுக்குப் போனால் பொருத்து தெரியும் தம்பி" என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, பஸ் ஹோர்ன் அடித்தது. படம் எடுத்தாயிற்றாம்.

பஸ்ஸில் கேட்டதற்கு, "வயதுபோன ஆக்களுக்கு அதெல்லாம் விளங்காது" என்று உங்களில் ஒருவர் பதில் சொன்னார். மரம் வளைத்த கைக்கு இது விளங்காதா? கசினோவில் மெசினை அமத்துவது மட்டும் எங்களுக்கு நன்றாக விளங்கும் என்று யார் முடிவு செய்தது? வருஷா வருஷம் நயாகரா அருவி, அங்கேயே கசினோ. அந்தத் தண்ணீர் எங்கும் ஓடிவிடாது, ஒரு வருஷம் விட்டுப் போகலாம். கலைக்கூடத்தின் பின்பக்கப் பூங்காவுக்கு மேல் நீல டைட்டேனியத்தில் ஒரு பெட்டி எழும்பி நிற்கிறது. அந்தப் பக்கம் பஸ் திரும்பவே இல்லை.

சரி, கோபத்தில் கொஞ்சம் கூடிப்போயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சம்பளமில்லாமல் ஓடித் திரிவதும் எங்களுக்குத் தெரியும். காசுதான் பிரச்சினை என்றால் எங்கள் நுழைவுச் சீட்டை நாங்களே வாங்குகிறோம். கூட வருகிற பேரப்பிள்ளைகளுக்கு, 25 வயது வரை, இலவசம். சாப்பாட்டுப் பார்சலை பஸ்ஸிலேயே கொடுத்துவிட்டால் மோலுக்குப் போகும் நேரமும் மிச்சம். தயவுசெய்து அடுத்த கூட்டத்தில் இதை எடுத்து, இரண்டு மணி நேரம் உள்ளே என்று நிகழ்ச்சி நிரலில் எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
பஸ்ஸின் பின் வரிசை அங்கத்தவர் ஒருவர்