பெட்டியில் டைமிங் 9 என்று அச்சிட்டு, 11-ல் மட்டுமே ஓடும் கணினி ராம்: வாரண்டி மறுப்பு குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாரண்டி பிரிவு.

பொருள்: பழுதான டிடிஆர்3 வகை ராமை (கணினி மெமரி) மாற்றித் தர மறுத்தது தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

4 ஜிபி ராம் இரண்டு கொண்ட உங்கள் செட்டை 2,850 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் ஒன்று பழுது. மாற்றிக் கேட்டு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அதே ராம் திரும்பி வந்தது, கூடவே ஒரு துண்டுச் சீட்டு. “சோதித்ததில் பழுது இல்லை. புராசஸரை ஓவர்கிளாக் செய்திருப்பதால் வாரண்டி பொருந்தாது” என்று அதில் இருந்தது. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் ஓவர்கிளாக் செய்திருப்பது, அதாவது புராசஸரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் படிவத்தில் கேட்டிருந்தீர்கள், நான் உள்ளதை உள்ளபடி எழுதினேன். “இல்லை” என்று ஒரு டிக் போட்டிருந்தால் புது ராம் வந்திருக்கும் போல. உண்மையைச் சொன்னதற்கு இதுதான் பதில் என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். என்னிடம் இருப்பது 2011-ல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-2500கே. பி67 மதர்போர்டில், பெரிய கூலர் போட்டு, 3.3 கிகாஹெர்ட்ஸ் புராசஸரை 4.2-ல் ஓட்டுகிறேன். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் ஏறும்போது மல்டிபிளையரை (புராசஸர் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கு எண்) 42-லிருந்து 39-க்கு இறக்கிவிடுவேன். மழை பிடித்ததும் திரும்ப ஏற்றுவேன். வருடக்கணக்காக ஒரு குறையும் இல்லாமல் ஓடிய மெஷின் இது. உங்கள் ராமைப் போட்ட பத்தாவது நாள், ஒரு முகூர்த்தப் படத்தைச் சேமித்துத் திறந்தால் மணப்பெண் முகத்துக்குக் குறுக்கே பச்சைக் கோடு. அடுத்த நாள் இன்னொரு கோப்பு திறக்கவே இல்லை. மெமரி பழுதில் இதுதான் கொடுமை. மெஷின் நின்றுவிட்டால் கூடத் தெரிந்துவிடும். ஒரு பிட் மாறி, அது அப்படியே டிஸ்கில் எழுதப்பட்டுவிட்டால் எத்தனை கோப்பு கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த வீட்டாரிடம் போய் நின்று, கேமரா கார்டிலிருந்து படங்களை மறுபடி வாங்கி, நான்கு நாள் வேலையைத் திரும்பச் செய்தேன்.

முதலில் என் மேல்தான் சந்தேகப்பட்டேன். பயாஸை (மெஷினின் அடிப்படை அமைப்புகள்) முழுவதும் டீஃபால்ட்டுக்குக் கொண்டுவந்தேன். புராசஸர் 3.3-க்கு இறங்கியது. ராமுக்கு மட்டும் அதன் எக்ஸ்எம்பி புரொஃபைலை, அதாவது ராமிலேயே பதித்து வைத்த வேக அமைப்பை, எடுத்தேன். வேகம் 1600, டைமிங் (தகவல் தர ராம் எடுக்கும் சுற்றுகள்) 9-9-9-24, 1.5 வோல்ட் என்று அதில் எழுதி வைத்தது நீங்கள்தான். பெட்டியிலும் ஸ்டிக்கரிலும் அச்சிட்டிருப்பதும் அதே எண்கள்தான். இரண்டு ராமையும் தனித்தனியாக, ஒரே ஸ்லாட்டில் போட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் ஓட்டினேன். பகல் சூட்டின் மேல் பழி போடக்கூடாது என்று ராத்திரியில்தான் ஓட்டினேன். முதல் ராம் விடிய விடிய ஓடியும் எரர் இல்லை. இரண்டாவது முக்கால் மணி நேரத்தில் சிவப்புக் காட்டியது. ஸ்லாட்டை மாற்றினேன், எரர் அந்த ராமோடேயே போனது. டைமிங்கை 10-10-10-27 என்று தளர்த்தினேன், ஓர் இரவுக்கு இரண்டு எரர். 11-11-11-28 வைத்தபோதுதான் சுத்தமாக ஓடியது.

2500கே-க்கு இன்டெல் சொல்லும் மெமரி வேகம் 1333 வரைதான், 1600 என்பதே ஓவர்கிளாக் என்று நீங்கள் சொல்லலாம். அதை மறுக்கவில்லை. அதனால்தான் காட்பாடி காந்தி நகரில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நண்பரிடம் எடுத்துப் போனேன். அங்கே இருப்பது ஐ5-3470 புராசஸர். அதற்கு 1600-ஐ இன்டெல்லே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதை ஓவர்கிளாக் செய்யவும் இல்லை. அதே ராம், அதே எரர்.

அப்புறம், புராசஸரை ஏற்றியதால் ராம் கெட்டது என்ற வாதம். இந்தத் தலைமுறையில் அடிப்படை கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ். மல்டிபிளையர் 33 என்றால் 3.3, 42 என்றால் 4.2. ராமுக்குத் தனி விகிதம் உண்டு. அதனால் மல்டிபிளையரை மட்டும் ஏற்றினால் ராம் 1600-லேயே நிற்கும், ராமுக்குப் போகும் வோல்டேஜும் மாறாது. கோர் 2 புராசஸர் காலத்தில் எஃப்எஸ்பியை (அன்றைய அடிப்படை கிளாக்) ஏற்றினால் ராமும் சேர்ந்து ஏறும். அந்தக் காலத்து விதியை இதற்குப் போடுவது சரியில்லை.

பழுது இல்லை என்று எந்த வேகத்தில் பார்த்துச் சொன்னீர்கள்? எக்ஸ்எம்பியை எடுக்காமல் வெறுமனே மெஷினில் செருகி ஆன் செய்தால், ராம் தளர்ந்த டைமிங்கில் எழுந்து நல்ல பிள்ளையாக ஓடும். என்னிடமும் அப்படி ஓடுகிறதே. “11-லேயே ஓட்டிக்கொள்ளுங்கள், வித்தியாசம் தெரியாது” என்று உங்கள் போன் உதவியில் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1600-ல் ஒரு சுற்று 1.25 நானோ வினாடி. 9 சுற்றுக்கு 11.25, 11 சுற்றுக்கு 13.75. நான் கழற்றி வைத்த பழைய 1333 ராம் 9-ல் ஓடியது, அதுவே 13.5 நானோ வினாடிதான். ஒரே மூச்சில் அள்ளித் தரும் அளவு கூடுகிறது, சரி. ஆனால் கேட்ட முதல் தகவல் வந்து சேர, பழையதைவிட ஒரு துளி அதிக நேரம். இறுக்கமான டைமிங்குக்காகத்தானே சாதாரண ராமைவிட அதிக விலை கொடுத்து இதை வாங்கினேன்?

எனக்கு வேண்டியது இதுதான். செட்டாக விற்ற இரண்டு ராமையும் செட்டாகவே மாற்றித் தாருங்கள், 9-9-9-24-ல் சோதித்துவிட்டு அனுப்புங்கள். டிடிஆர்3 இருப்பு இல்லை என்றால் 2,850 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். போன தடவை கூரியருக்கு நான் கொடுத்த 180 ரூபாயும் அதில் சேரவேண்டும். முதல் சோதனையை எந்த வேகம், எந்த டைமிங், எத்தனை மணி நேரம் என்று பார்த்தீர்கள் என்பதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

15 நாள் காத்திருக்கிறேன். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் பதிவு செய்துவிட்டு, வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், உங்கள் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

பில் நகல், இரண்டு மெஷினிலும் எடுத்த மெம்டெஸ்ட் திரையின் படங்கள், ஸ்டிக்கர் படம், உங்கள் துண்டுச் சீட்டின் நகல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். ராம் இரண்டும் அவற்றின் உறையிலேயே பத்திரமாக இருக்கின்றன. இந்த முறை கூரியர் ஆளை நீங்களே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இடம்: வேலூர்