விதானையார் வரேக்க வீடு பூட்டு

மச்சான்,

மாரி தொடங்க வந்த உன்ரை கடிதத்துக்கு, குளம் வான் பாஞ்சு ஓஞ்சாப் பிறகு மறுமொழி எழுதுறன். ஏசிறதை நேரில ஏசு. இஞ்சை எல்லாரும் சுகம்.

"கிளிநொச்சியும் வன்னிதானே, பிறகேன் யாழ்ப்பாணப் பட்டியலுக்கு வாக்குப் போடுறம்?" எண்டு திரும்பவும் தொடங்கியிட்டாய். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இல. தேர்தல் மாவட்டங்களை அதுக்கு முதலே வகுத்தாச்சு. வன்னித் தேர்தல் மாவட்டமெண்டால் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூண்டும்தான். நீ மண்ணில வன்னியான், வாக்குச்சீட்டில யாழ்ப்பாணத்தான். இதை வாத்தியாரிட்டைச் சொல்லிப்போடாதை, தவறணை மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

பகிடி அவ்வளவுதான். பாராளுமன்றத்தில தேர்தல் மாவட்டங்களுக்குப் போற ஆசனம் 196. மாகாணத்துக்கு 4 படி 36 நிலையானது. மிச்சம் 160 உம் வாக்காளர் இடாப்பில இருக்கிற பேரை எண்ணித்தான் பிரிக்கிறது. குடிசன மதிப்பில எத்தினை தலை எண்டு ஒருத்தரும் பாக்கிறேல்லை. யாழ்ப்பாணத்துக்கு 2010 இல 9, 2015 இல 7, 2024 இல 6. செத்தவையும் வெளிநாடு போனவையும் வெட்டுப்படுறது சரி. ஊரிலயே குந்தியிருக்கிறவன் ஏன் வெட்டுப்பட வேணும்?

எப்பிடி வெட்டுப்படுறதெண்டால், விதானையார், அதுதான் கிராம அலுவலர், வாக்காளர் பதியிற படிவத்தோட வரேக்க வீடு பூட்டு, ஆக்கள் வயலில. இல்லாட்டிப் பெடியன் வேலைக்கு வவுனியா போயிருப்பான். இஞ்சை வெட்டுவினம், அங்கை வாடகை வீட்டுக்காரன் பதியவிடான். இடாப்பில ஒரு எழுத்து, அடையாள அட்டையில வேறை எழுத்து எண்டால் வாக்குச்சாவடியில இழுபறி.

உன்ரை மகளுக்கு 18 முடிஞ்சுதெல்லே? பிரதான குடியிருப்பாளர் நீ, படிவத்தில கையெழுத்தும் நீதான் வைக்க வேணும். வெட்டுற பேரும் சேர்க்கிற பேரும் விதானையார் ஒபிசிலயும் டீ.எஸ். ஒபிசிலயும் (பிரதேச செயலகம்) பார்வைக்கு வைப்பினம். அந்த நாளுகளுக்குள்ளை கோரிக்கை குடுக்க வேணும். இடாப்பை அத்தாட்சிப்படுத்தின பிறகு ஓடித் திரிஞ்சு வேலையில்லை. வாக்காளர் அட்டை வராட்டிப் பயப்பிடாதை, பேரும் அடையாள அட்டையும் இருந்தால் போடலாம். வாக்காளர் அட்டை மட்டும் இருந்தால் ஏலாது.

வாக்கே வேண்டாமெண்டு திரியிற உன்ரை மருமகனுக்கும் சொல்லு: பேரனை முதலாம் வகுப்புக்குச் சேர்க்கப் பள்ளிக்கூடத்தில அஞ்சு வருச இடாப்புப் பிரதி கேப்பினம். அண்டைக்குக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) ஓடிவருவார்.

இடாப்பில உங்கடை வீடு வாற பக்கத்தின்ரை போட்டோக்கொப்பி ஒண்டு எடுத்து அனுப்பு. எழுத்துப் பிழை கிடந்தால் நான் சொல்லுறன்.

உன்ரை,
பழைய கிளாக்கர்