புது கீபோர்டு வாங்கும் முன்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

மெல்லிசைக் குழுக்கள் பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையில், சில வருடங்களுக்கு ஒருமுறை கீபோர்டை மாற்றினால்தான் மேடையில் நிற்க முடியும் என்று எழுதியிருந்தது. தென்காசிப் பக்கம் கோயில் கொடைகளிலும் கல்யாண வீடுகளிலும் வாசிக்கிற எனக்கு இதில் உடன்பாடில்லை.

தாளமும் பின்னணி இசையும் தானே வாசிக்கும் அரேஞ்சர் கீபோர்டில் எங்கள் சொத்து, அதில் சேர்த்து வைத்திருக்கும் ஸ்டைல்களும் (தாள, பின்னணி அமைப்புகள்) ரெஜிஸ்ட்ரேஷன்களும் (பாட்டுவாரியாகச் சேமித்த செட்டிங்குகள்) தான். எந்தப் பாட்டுக்கு எந்தத் தாளம், என்ன வேகம், சரணத்தில் எந்த வாய்ஸ் (வாத்தியச் சத்தம்) என்று வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்தவை. கம்பெனி மாறினால் எல்லாம் முதலிலிருந்து. பியானோவும் ஸ்டிரிங்ஸும் சப்பென்று இருப்பது மட்டும்தான் குறை என்றால், கட்டைகள் இல்லாமல் வாத்தியச் சத்தங்களை மட்டும் தரும் சவுண்ட் மாட்யூல் என்ற பெட்டியை வெளியே மாட்டிக்கொண்டால் போதும்.

இரண்டையும் இணைக்கும் மிடி (மின்னணு இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் பொது முறை) 1983-லேயே வந்துவிட்டது. ஒரே ஒயரில் 16 சேனல் போகும். ஆனால் அதில் போவது சத்தம் இல்லை. எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தி வாசித்தோம் என்ற தகவல். ஆகவே மாட்யூலின் ஆடியோ அவுட்டைத் தனியாக மிக்ஸருக்குக் கொண்டுபோக வேண்டும்.

தகராறு சாக்கெட்டில்தான். என்னிடம் படிக்கும் பையனிடம் ஒரு கடையில், "ரெண்டுலயும் யூஎஸ்பி இருக்கு, கேபிள் போட்டா ஓடும்" என்று சொல்லி மாட்யூலை விற்றுவிட்டார்கள். ஓடவில்லை. எப்படி ஓடும்? இரண்டின் யூஎஸ்பியும் மறுமுனையில் கம்ப்யூட்டரை எதிர்பார்ப்பவை. நடுவில் கம்ப்யூட்டரின் வேலையைச் செய்ய யூஎஸ்பி மிடி ஹோஸ்ட் என்ற சின்னப் பெட்டி வேண்டும். கீபோர்டில் ஐந்து முனை கொண்ட வட்ட மிடி அவுட்டும் மாட்யூலில் அதேபோன்ற மிடி இன்னும் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. நம் ஊரில் நிறையப் பேர் வைத்திருக்கும் யமஹா பிஎஸ்ஆர்-ஐ500-ல் அந்த வட்ட சாக்கெட் கிடையாது.

அப்புறம் இன்னொன்று. கீபோர்டில் வாய்ஸை மாற்றினால் புரோகிராம் சேஞ்ச் கட்டளை போய், மாட்யூலும் வேறு சத்தத்துக்குத் தாவிவிடும். பல்லவியில் வயலினாக இருந்தது சரணத்தில் டிரம்பெட்டாகிவிட்டால் பாடகர் நம்மைத்தான் முறைப்பார். மாட்யூலில் அந்தக் கட்டளையை ஏற்காதபடி அணைத்து வைக்கலாம். கீபோர்டின் சொந்தச் சத்தம் கலக்க வேண்டாம் என்றால் கீபோர்டில் அந்தப் பகுதியின் (வாசிக்கும் வாய்ஸின்) வால்யூமைக் குறைக்காதீர்கள். பல மாடல்களில் அந்தக் குறைப்பும் மிடி வழியாகப் போய் மாட்யூலையும் அமுக்கிவிடும். அந்தப் பகுதிக்கு லோக்கல் ஆஃப் (கட்டையை அழுத்தினாலும் கீபோர்டின் சொந்தச் சத்தம் வராமல், மிடி மட்டும் போகும்படி செய்வது) போடும் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விலை மலிவு என்று பழைய மாட்யூல் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். 1991-ல் வகுத்த ஜெனரல் மிடி என்ற பொதுப் பட்டியலின் 128 வாய்ஸ்களில் சிதார் உண்டு, ஷெனாய் உண்டு, நாதஸ்வரம் இல்லை. கொடைக்கு வாசிப்பவர்கள் சாம்பிள் (பதிவு செய்த வாத்தியச் சத்தம்) ஏற்றக்கூடிய மாட்யூலாகப் பார்த்து எடுப்பது நல்லது.

கடனை வாங்கிப் புது கீபோர்டு எடுக்க நினைக்கும் கலைஞர்கள் உங்கள் இணைப்பைப் படிக்கிறார்கள். அடுத்த கட்டுரையில் இந்த வழியையும் எழுதுங்கள்.

– கீபோர்டு கலைஞர் ஒருவர், தென்காசி