விசில் அடித்தால் இங்கே வசை

மிலான்,
10 செப்டம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவின் கண்புரை ஆபரேஷனை மழைக்காலத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள். பணத்தை இந்த மாதச் சம்பளம் வந்ததும் அனுப்பிவிடுகிறேன். இங்கே காலையில் லேசாகக் குளிர ஆரம்பித்திருக்கிறது. கால்பந்து லீக்கில் இரண்டு சுற்று முடிந்துவிட்டது. ஊர் முழுக்க அதே பேச்சுதான்.

நீ கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். "இத்தாலிக்கு யூரோ கோப்பை வாங்கிக் கொடுத்தவன் டொன்னாரும்மா. அவனை ஏன் மிலான்காரர்கள் இப்படி வெறுக்கிறார்கள்? எல்லா ஆட்டக்காரனும்தானே காசுக்குக் கிளப் மாறுகிறான்?" நியாயமான கேள்வி. நீயும் அவனைப் போலக் கோலி, அதாவது கோல்கீப்பர், என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த விசில். நம் ஊரில் கோலி ஒரு நல்ல பந்தைத் தடுத்தால் நாக்கை மடக்கி விசிலடிப்போம், அது கொண்டாட்டம். இங்கே அதே விசிலுக்குப் 'போ வெளியே' என்று அர்த்தம். பாராட்ட வேண்டுமானால் கைதட்டுவார்கள், பாடுவார்கள். இங்குள்ள சான் சீரோ மைதானத்தில் எழுபதாயிரம் பேர் சேர்ந்து விசிலடித்தால் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்காது. வேண்டாத ஆட்டக்காரன் காலுக்குப் பந்து வந்ததும் தொடங்கும், அவன் அதை அனுப்பியதும் சட்டென்று நின்றுவிடும். மறுபடி பந்து வந்தால் மறுபடியும். கோலிக்கு இது மற்றவர்களைவிடக் கொடுமை, அது உனக்கே தெரியும். கூட்டத்தில் கலந்து ஒளிந்துகொள்ள அவனுக்கு இடமில்லை. ஒவ்வொரு கோல் கிக்குக்கும் பந்தை வைத்து, பின்னால் நடந்து, ஓடி வந்து உதைக்கும்வரை அத்தனை விசிலையும் அவன் ஒருவனே வாங்க வேண்டும்.

இனி கதை. டொன்னாரும்மா நேப்பிள்ஸ் பக்கத்தில் கடலோர ஊரான காஸ்டெல்லமாரேயில் பிறந்தவன். 14 வயதில் மிலான் கிளப்புக்கு வந்தான். 2015 அக்டோபர் 25 அன்று சசுவோலோவுக்கு எதிராக, 16 வயது 8 மாதத்தில், கோலியாக இறக்கிவிட்டார்கள். பெரிய சம்பளம் வாங்கிய அனுபவசாலியை உட்கார வைத்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்துப் பையனை நிறுத்தத் துணிந்தவர் பயிற்சியாளர் மிஹைலோவிச். அப்போது மிலான் சரிந்துகொண்டிருந்த காலம். ரசிகர்களுக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள இருந்தது இந்த ஒரு பையன்தான். 2017 மார்ச்சில் ஜுவென்டஸ் மைதானத்தில் கடைசி நிமிடப் பெனால்டியால் 1-2 என்று தோற்றபோது, எதிரணி ரசிகர்கள் முன்னால் நின்று சட்டையில் இருந்த மிலான் சின்னத்தை எடுத்து முத்தமிட்டான். அந்த முத்தத்தை நினைவில் வைத்துக்கொள். பின்னால் வந்த கோபமெல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. 18 வயது நிரம்பாத ஆட்டக்காரனோடு மூன்று வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் போடக் கூடாது என்பது ஃபிஃபா விதி. அதனால் அவனுடைய முதல் ஒப்பந்தம் 2018 ஜூனோடு முடிகிற மாதிரி இருந்தது. 2017 பிப்ரவரியில் 18 வயது ஆனபோது கையில் மிச்சம் ஒன்றரை வருடத்துக்கும் குறைவு. சின்ன வயதிலேயே ஒருவன் பெரிய ஆட்டக்காரன் ஆகிவிட்டால் கிளப்புக்கு வரும் சிக்கல் இது. சம்பளம் ஏறும் நேரமும் ஒப்பந்தம் தீரும் நேரமும் ஒன்றாக வந்துவிடும். அவனுடைய ஏஜென்ட் மீனோ ராயோலாவுக்கு அது நன்றாகத் தெரியும். 2017 ஜூனில், புதுப்பிக்க மாட்டான் என்று கிளப்பே அறிவித்தது. சில நாளில் போலந்தில் நடந்த 21 வயதுக்குட்பட்டோர் யூரோவில், டென்மார்க்குக்கு எதிரான ஆட்டத்தின்போது அவன் கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து போலி டாலர் நோட்டுகள் பறந்து வந்தன. 'டாலரும்மா' என்று ஒரு பதாகை. அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு மாதத்தில் மனம் மாறிக் கையெழுத்துப் போட்டான். 2021 வரை, வருடத்துக்கு 60 லட்சம் யூரோ கைக்கு. கூடவே அவன் அண்ணன் அந்தோனியோவையும் கோலியாக எடுத்துக்கொண்டார்கள். அந்த டிசம்பரில், கையெழுத்தின்போது அவனுக்கு மனரீதியாக நெருக்கடி கொடுக்கப்பட்டது என்று அவன் தரப்பு சொல்வதாகச் செய்தி வந்தது. டிசம்பர் 13, வெரோனாவுடன் கோப்பை ஆட்டம். 'வருடத்துக்கு 60 லட்சமும் ஒட்டுண்ணி அண்ணனுக்கு வேலையும் கொடுத்ததுதான் நெருக்கடியா, போய்விடு' என்கிற பொருளில் மிலானின் தீவிர ரசிகர் கூட்டமான குர்வா சூத் பதாகை விரித்தது. பையன் அழுதுவிட்டான். அணித்தலைவர் பொனுச்சிதான் வந்து தேற்றினார். அவனுக்கு 18 வயது. இந்த ஒன்றை மட்டும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. அண்ணனை இழுத்தது தவறு. சரியாக இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 27, இதே ஊரின் இன்னொரு கிளப்பான இன்டருடன் கோப்பை டெர்பி, அதாவது ஒரே ஊர் அணிகளின் மோதல். டொன்னாரும்மாவும் இரண்டாவது கோலியும் ஆட முடியாமல் போக, அந்த 'ஒட்டுண்ணி'தான் கம்பத்துக்குக் கீழே நின்றான். கூடுதல் நேரத்தில் மிலான் 1-0 என்று வென்றது. ஒரு கோல்கூட விடவில்லை அவன்.

குர்வா சூத் என்றால் தெற்குப் பக்கக் கம்பத்துக்குப் பின்னாலிருக்கும் அரங்கு. சான் சீரோவில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. அதில் இரண்டாம் அடுக்கின் நீலப் பகுதி மிலானின் தீவிர ரசிகர்களுடையது. எதிரே வடக்கில் பச்சைப் பகுதி இன்டர்காரர்களுடையது. ஒரே மைதானம், இரண்டு கிளப், ஒரே வீட்டில்கூட இரண்டு கட்சி.

இப்போது 2021. மிலான் இரண்டாம் இடம் பிடித்து ஏழு வருடத்துக்குப் பிறகு சாம்பியன்ஸ் லீக்குக்குத் திரும்பியது. அந்த மகிழ்ச்சியின் ஈரம் காயும் முன்னே, டொன்னாரும்மாவும் நாமும் பிரிகிறோம் என்று கிளப் நிர்வாகி மல்தீனி அறிவித்தார். கிளப் கொடுக்க முன்வந்தது வருடம் 80 லட்சம் என்றும், அந்தப் பக்கம் கேட்டது ஒரு கோடிக்குக் குறையாது என்றும் பத்திரிகைகள் எழுதின. "இருபது லட்சத்தில் என்ன இருக்கிறது, கொடுத்துத் தொலைக்கலாமே" என்று நீ நினைப்பாய். இங்கேதான் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இத்தாலியில் ஆட்டக்காரன் சம்பளத்தைக் கைக்கு வரும் தொகையாகத்தான் பேசுவார்கள். வரி கிளப்பின் பாடு. மேல்தட்டு வருமான வரி 43 சதவீதம், அதற்கு மேல் மாகாணத்துக்கும் நகராட்சிக்கும் கொஞ்சம். ஆகவே கைக்கு 80 லட்சம் என்றால் கிளப்புக்குச் செலவு ஒன்றரைக் கோடி கிட்ட. அந்தச் சமயத்தில் வெளிநாட்டிலிருந்து இத்தாலிக்கு வரும் ஆட்டக்காரனுக்கு ஒரு சலுகை இருந்தது. வருமானத்தில் பாதிக்கு மட்டும் வரி. அதே 80 லட்சத்தைப் பிரான்சிலிருந்து வருபவனுக்குக் கொடுத்தால் செலவு ஒரு கோடியைச் சற்றே தாண்டும். உள்ளூர்ப் பையனை வைத்திருப்பதைவிட வெளியிலிருந்து ஆள் எடுப்பது மலிவு! கால்பந்துக்கு அந்தச் சலுகையை 2024 தொடக்கத்தோடு எடுத்துவிட்டார்கள். ஆனால் 2021இல் இந்தக் கணக்கு கிளப்பின் மேஜையில் இருந்தது. மிலான் பிரான்சின் லீல் கிளப்பிலிருந்து மைக் மெய்ன்யானை ஒன்றரைக் கோடிக்குள் வாங்கியது. அவன் சம்பளம் டொன்னாரும்மாவுக்குச் சொன்னதில் பாதிகூட இல்லை என்றார்கள்.

அடுத்தது, ரசிகனுக்கு உண்மையில் வலிக்கிற இடம். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் தீர்ப்பு சொன்னதிலிருந்து, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பழைய கிளப்புக்கு ஒரு காசும் கிடையாது. அதுமட்டுமில்லை, கடைசி ஆறு மாதம் வந்துவிட்டால் அவன் அடுத்த கிளப்போடு முன்கூட்டியே கையெழுத்துப் போடலாம். ஜூன் 30இல் முடியும் ஒப்பந்தம் என்றால் ஜனவரி 1 முதல் கதவு திறந்துவிடும். விற்க வேண்டுமானால் அதற்கு முந்தைய கோடையிலேயே விற்றிருக்க வேண்டும். புது கிளப் வாங்கும் விலை மிச்சமாவதால், அதில் ஒரு பங்கு ஆட்டக்காரனுக்குக் கையெழுத்துப் பணமாகவும் இன்னொரு பங்கு ஏஜென்டுக்குக் கமிஷனாகவும் போகும். அதனால் ஒப்பந்தம் தீரும்வரை இழுத்தடிப்பதில் அவர்கள் இருவருக்கும் லாபம்.

டொன்னாரும்மா விஷயத்தில் இழப்பு இன்னும் பெரிது. ஐந்து கோடிக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஒருவனை வாங்கினால் கணக்குப் புத்தகத்தில் வருடம் ஒரு கோடி கழியும். மூன்று வருடம் கழித்து விற்றால் மிச்சமுள்ள இரண்டு கோடிக்கு மேல் வருவதுதான் லாபம். சொந்தப் பயிற்சிக் களத்தில் வளர்ந்த பையனுக்குப் புத்தக மதிப்பு ஏறக்குறையப் பூஜ்யம். விற்கும் விலை அப்படியே லாபம். 251 ஆட்டம் ஆடியவன், உலகின் தலைசிறந்த கோலிகளில் ஒருவன், 22 வயது, அவனுக்கு வந்த விலை பூஜ்யம். அடுத்த சில நாளில் யூரோ இறுதியில் வெம்பிளியில் சாஞ்சோ, சாக்கா இருவரின் பெனால்டியையும் தடுத்தான். தொடரின் சிறந்த ஆட்டக்காரன் விருதும் அவனுக்கே. ஊரே ஆடியது. மிலான் ரசிகன் ஒரு கண்ணில் சிரித்து மறு கண்ணில் அழுதான். மூன்றாம் நாள் பாரிஸ் கிளப் அவனைச் சேர்த்துக்கொண்டதாக அறிவித்தது.

"எல்லாரும் காசுக்குத்தானே போகிறார்கள்" என்றாயே, மிலானில் ஆடிய பிரேசில்காரர் காக்காவைப் பார். 2009 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டி அவருக்கு 10 கோடி யூரோ அளவில் விலை பேசியது. ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள், அவர் வீட்டு ஜன்னலிலிருந்து சட்டையை அசைத்துக் காட்டிப் போகவில்லை என்றார். அதே வருடம் ஜூனில் ரியல் மாட்ரிடுக்குப் போனார், மிலானுக்கு ஆறரைக் கோடிக்கு மேல் விலை வாங்கிக் கொடுத்துவிட்டு. 2013இல் திரும்பி வந்தபோது கைதட்டி வரவேற்றார்கள். போனது குற்றமில்லை தம்பி. வளர்த்த வீட்டின் கையில் ஒன்றும் வைக்காமல் போனதுதான் ஆறவில்லை. அதுவும் ஒருமுறை கேட்டதையெல்லாம் கொடுத்து, அண்ணனுக்கும் இடம் கொடுத்த பிறகு. டொன்னாரும்மா போன அதே 2021 கோடையில் மிலானின் இன்னொரு ஆட்டக்காரன் சல்ஹானோக்லுவும் ஒப்பந்தம் முடிந்து சும்மா போனான், அதுவும் நேராக எதிர்வீட்டு இன்டருக்கு! அவனுக்கும் ஒவ்வொரு டெர்பியிலும் விசில்தான். ஆனால் அவன் முத்தமிட்ட சின்னம் என்று யாரும் படத்தை எடுத்துக் காட்டுவதில்லை.

2021 அக்டோபரில் ஸ்பெயினுடன் ஆட இத்தாலி சான் சீரோவுக்கு வந்தபோது, நாட்டுச் சட்டையில் நின்றவனையே விசிலடித்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. கிளப் சண்டை கிளப் சட்டையோடு நிற்க வேண்டும். 2023 நவம்பர் 7 அன்று பாரிஸ் சட்டையில் வந்தபோது விசிலோடு அவன் முகம் அச்சடித்த போலி நோட்டுகளும் பறந்தன. அந்தத் தாள்கள் பெனால்டி கட்டத்துப் புல்லில் சிதறிக் கிடக்க, அவன் அவற்றுக்கு நடுவில் நின்று பந்தை உதைத்தான். மிலான் 2-1 என்று வென்றது, லெயாவோவும் ஜிரூவும் அடித்தார்கள்.

கோபத்தைத் தணித்தது மெய்ன்யான்தான். வந்த முதல் வருடமே, 2022 மே 22 அன்று, 11 வருடத்துக்குப் பிறகு மிலான் லீக் பட்டம் வென்றது. அந்த பிப்ரவரியில் சம்ப்டோரியாவுக்கு எதிராக அவன் போட்ட நீளப் பந்தை நீ தேடிப் பார். தன் பெட்டியிலிருந்து எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் தலைக்கு மேலே, இடது ஓரத்தில் ஓடும் லெயாவோவுக்கு. அவன் ஒரே ஓட்டத்தில் கோல் போட்டான், ஆட்டம் 1-0. கோலியின் வேலை கையோடு முடிவதில்லை என்று உனக்கு அடிக்கடி சொல்வேனே, அதுதான் இது.

இந்தக் கோடையில் பாரிசிலும் டொன்னாரும்மாவுக்கு அதே கதை. ஒப்பந்தத்தில் ஒரு வருடம் மிச்சம். நிலையான சம்பளத்தைக் குறைத்து, ஆடினால் இவ்வளவு வென்றால் இவ்வளவு என்று கிளப் கேட்டதாகவும் அவன் ஒப்பவில்லை என்றும் எழுதினார்கள். மே மாதம் சாம்பியன்ஸ் லீக் வென்று கொடுத்தவனை ஆகஸ்டில் சூப்பர் கோப்பை அணியிலேயே சேர்க்கவில்லை. அந்த ஆட்டம் நடந்தது இத்தாலியின் ஊதினேயில். அவன் இடத்துக்கு வந்த ஷெவாலியேயும் லீல் கிளப்பிலிருந்து வந்தவன்தான். இந்த மாதத் தொடக்கத்தில் டொன்னாரும்மா மான்செஸ்டர் சிட்டிக்குப் போய்விட்டான். "பார்த்தாயா, அவன் குணமே அதுதான்" என்று இங்கே காப்பிக் கடையில் ரோஸ் நிற விளையாட்டுப் பத்திரிகையான காசெட்டாவை விரித்து வைத்துக்கொண்டு சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இந்த முறை தள்ளிவிட்டது கிளப். கடைசி வருடத்துக்குள் நுழைந்ததும் விற்று ஏறக்குறைய மூன்று கோடி வாங்கிக்கொண்டது. மிலான் 2020 கோடையில் செய்யத் தவறியதும் அதுவே.

நீ இங்கே வரும்போது சான் சீரோவுக்குக் கூட்டிப் போகிறேன். ஊதா நிற 5ஆம் மெட்ரோவின் கடைசி நிலையம்தான் மைதானம். டிக்கெட்டில் உன் பெயர் அச்சாகியிருக்கும், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தும் அதுவும் ஒத்துப்போகாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் இனிஷியலை விரித்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எனக்கு எழுதி அனுப்பு. மேல் அடுக்கில் மலிவு, ஆனால் படி செங்குத்து. இடம் எங்கே கிடைத்தாலும் நல்ல ஆட்டத்துக்கு விசில் அடித்துவிடாதே.

மெய்ன்யான் ஒப்பந்தமும் அடுத்த வருடம் ஜூன் 30இல் முடிகிறது. இந்த ஜூனில் இங்கிலாந்தின் செல்சி கிளப் அவனைக் கேட்டது, விலை படியவில்லை. கடையில் இப்போதே ஜனவரி 1க்கு நாள் எண்ணுகிறார்கள்.

அம்மாவுக்கு ஆபரேஷன் தேதி கிடைத்ததும் உடனே எழுது. கையுறை வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வருபவர் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன்