ஒரு வருடக் குத்தகையில் மண் நிற்காது: மலையில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரியில் நிலத்தை வைத்துக்கொண்டு கோவையிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் குடியிருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நான் இத்தலார், எமரால்டு பக்கம் குத்தகைக்கு நிலம் பிடித்து கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு போடுகிறவன். சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட கிடையாது. அப்பா, இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் போட்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி அங்கிருந்து வந்தவர், குந்தாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். நான் இருபது வருடமாகக் காய்கறியில் இருக்கிறேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். நிலத்தை வருடா வருடம் கைமாற்றாமல், குறைந்தது ஐந்து வருடத்துக்கு ஒரே ஆளிடம் எழுதிக் கொடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

2019 ஆகஸ்டில் எங்கள் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது உங்களுக்கும் நினைவிருக்கும், போன் போட்டு விசாரித்திருப்பீர்கள். மழை விட்டு நான் தோட்டத்துக்குப் போனபோது, மேலிருந்து கீழாக இழுத்திருந்த பாத்திகளுக்கு நடுவில் கால் வைக்கிற வாய்க்கால் எல்லாம் முழங்கால் ஆழத்துக்கு அறுத்துக்கொண்டு போயிருந்தது. எழுபது நாள் கேரட், தோள் வரைக்கும் மண் இல்லாமல் விரல் விரலாக வெளியே நின்றது. மேல் மூலையில் கறுப்பு மண் முழுக்கப் போய் அடியில் இருந்த செம்மண் தெரிந்தது, கீழே ரோட்டோரம் அந்தக் கறுப்பு மண்ணை ஜேசிபி வைத்து அள்ளிக்கொண்டிருந்தார்கள். நாலு நாள் வெயில் பட்டதும் வெளியே நின்ற கேரட்டின் தலை பச்சையாகிவிட்டது. தலை பச்சையான கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டியில் கழித்துத்தான் எடுப்பார்கள்.

அது பேய்மழை, எந்த நிலமும் தாங்காது என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேய்மழையில் போகிற மண் கண்ணுக்குத் தெரிகிறது, ஜூன் மாதத்துச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிற மண் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஒரு ஏக்கரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மண் கழுவிப் போனால் ஏறக்குறைய நாலு கன மீட்டர், நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). வீடு கட்ட மணல் வாங்கியவர்களுக்கு ஒன்றரை யூனிட் என்றால் எவ்வளவு என்று தெரியும். மில்லிமீட்டர் என்பது நகத்தின் கனம்தான். அதோடு போகிறது நாங்கள் காசு கொடுத்துக் கொட்டிய கோழி எருவும் உரமும், போய்ச் சேருவது எமரால்டு அணையிலும் குந்தா அணையிலும். குந்தா அணை சேறு நிறைந்து கிடப்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

மண் போகிறது என்று தெரிந்தும் பாத்தியை ஏன் மேலிருந்து கீழே இழுக்கிறீர்கள் என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. தண்ணீர் நின்றால் கேரட்டும் கிழங்கும் அழுகும், நேராக இறக்கிவிட்டால் பயிர் பிழைக்கும், ஆட்களுக்கும் மேல் பார்த்துக் குனிந்து வேலை செய்வது சுலபம். உருளைக்கிழங்குக் காலத்திலிருந்தே இந்தப் பழக்கம் இருக்கிறது. 1961இல் கிழங்கில், வேரைத் தாக்கும் நூற்புழுவைக் கண்டுபிடித்த பிறகு கிழங்கு மெல்லக் குறைந்து கேரட் ஏறியது. கேரட்டுக்கு மண்ணை மாவு மாதிரிப் பொடியாக்க வேண்டும், பொடியான மண் இன்னும் வேகமாக ஓடும். பிழை எங்கள் பக்கமும் இருக்கிறது, மறைக்கவில்லை.

வழி தெரியாமல் இல்லை. 1954இலிருந்து ஊட்டியிலேயே மத்திய அரசின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சரிவுக்குக் குறுக்கே பாத்தி போட்டாலே ஓடுகிற மண் பாதிக்கும் கீழே குறைகிறது, சரிவைப் படிபடியாக வெட்டிப் படிமட்டம் ஆக்கினால் மிகச் சொற்பம்தான் போகும். நம் மலை மாதிரி மழை அதிகமான இடத்தில் படி வெளிப்பக்கம் சாயக் கூடாது, உட்பக்கம் லேசாகச் சாய வேண்டும், அப்போதுதான் தண்ணீர் விளிம்பை உடைக்காமல் படியின் அடியில் இருக்கிற கானில் இறங்கி, நூறு அடிக்கு ஒரு அடி என்கிற இறக்கத்தில் மெதுவாக நடந்து, புல் வளர்த்த ஓடைக்குப் போய்ச் சேரும். கான் என்றால் வடிகால், அப்பாவின் தோட்டத்து வார்த்தை. "கான் ஓடக் கூடாதுடா, நடக்கணும்" என்பார். தேயிலைத் தோட்டத்தில் கானுக்குள் அங்கங்கே குழி விட்டு, வருகிற மண்ணை அதில் நிறுத்தி, மழை முடிந்ததும் அள்ளி மறுபடி செடிக்கே போடுவார்கள். காய்கறிக்கும் அதையே நான் செய்து பார்த்திருக்கிறேன், ஒரு பருவத்துக்கு இரண்டு தடவை குழி அள்ள வேண்டியிருந்தது.

மட்டம் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆறடிக் குச்சி இரண்டை மேலே சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் அடித்து, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால் போதும். முதலில் ஒரு இடத்தில் ஊன்றி, குறுக்குச் சட்டத்தில் நூல் விழும் இடத்தில் கோடு போட்டு, கால்களை மாற்றி ஊன்றி இன்னொரு கோடு போட்டு, இரண்டுக்கும் நடுவில் அடையாளம் வைத்தால் அதுதான் மட்டம். நூல் அங்கே நிற்கும்படி ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றி நடந்துகொண்டே முளைக்குச்சி அடித்தால், மலையின் வளைவிலேயே வரப்புக் கோடு கிடைத்துவிடும். எனக்கும் என் மனைவிக்கும் அரை ஏக்கருக்கு ஒரு பகல் போதுமாக இருந்தது. வரப்புக்குக் கல்லும் நிலத்திலேயே கிடைக்கும். ஜேசிபி விட்டு ஒரே நாளில் படி வெட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம், மேல்மண்ணைத் தனியாக ஒதுக்காமல் வெட்டினால் அடி மண் மேலே வந்துவிடும், அதில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்றும் சரியாக விளையாது.

அப்புறம் என்ன தடை என்றால், காலம்தான். வரப்பு கட்டுகிற முதல் வருடம் கூலி போகும், வரப்புக்கும் கானுக்கும் கொஞ்சம் இடம் போகும், விளைச்சல் சற்றுக் குறைவாகவே வரும். இரண்டாம் வருடம் புல் பிடிக்கும், மூன்றாம் வருடம்தான் மண் படிந்து, எருவின் பலன் நின்று, கையில் காசு தெரிய ஆரம்பிக்கும். ஒரு வருடத்துக்கு நிலம் பிடித்தவன் மூன்றாம் வருடத்தை எங்கிருந்து பார்ப்பான்? குத்தகைப் பணம் முன்கூட்டியே கொடுத்தாயிற்று, விதை வாங்கியது கடன், அவன் அந்த ஒரு வருடத்துக்குள் நிலத்திலிருந்து எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவும் எடுத்துவிட்டுத்தான் போவான். நானும் அப்படி எடுத்திருக்கிறேன்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றேகால் ஏக்கர் நிலத்தில் இரண்டு பருவம் செலவழித்து ஒன்பது வரிசை கல் வரப்பு வைத்தேன், ஓரத்தில் தீவனப்புல் நட்டேன், பக்கத்து வீட்டுக்காரர் தினமும் மாட்டுக்கு அறுத்துப் போவார். மூன்றாம் வருடம் நிலக்காரர் கூடுதலாகத் தருகிற வேறு ஒருவருக்கு விட்டுவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, வீட்டில் மருத்துவச் செலவு இருந்தது, பணம் தேவைப்பட்டது. புதிதாக வந்தவர் கூடுதலாகக் கொடுத்த பணத்தை எடுக்க வேண்டுமே, ஒன்பது வரிசைக் கல்லையும் பிடுங்கி ஓரத்தில் குவித்துவிட்டு, மேலிருந்து கீழாகப் பாத்தி இழுத்தார். இப்போதும் பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது அந்தக் கல் குவியல் தெரியும். புல் முளைத்திருக்கிறது அதன் மேல்.

நீண்ட காலத்துக்கு எழுதிக் கொடுக்க நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள் என்பது தெரியாமல் இல்லை. குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955இலிருந்து இருக்கிறது, எழுதிக் கொடுத்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். வீண் பயம் என்று அதைத் தள்ள மாட்டேன், தாத்தா காலத்து நிலம், பயம் இருக்கத்தான் செய்யும். ஒரு நல்ல வக்கீலிடம் போய், காலம் எவ்வளவு, வாடகை எப்போது எவ்வளவு ஏறும், எந்தத் தேதியில் நிலத்தை ஒப்படைக்க வேண்டும் என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுவதில் எனக்கோ என்னைப் போன்றவர்களுக்கோ தயக்கமே கிடையாது.

ஐந்து வருடம் இப்போதைக்கு முடியாது என்றால், ஒரு வருடக் குத்தகையிலேயே இரண்டு வரியாவது சேருங்கள். இருக்கிற வரப்பையும் கானையும் யாரும் எடுக்கக் கூடாது, எடுத்தால் அடுத்த முறை நிலம் கிடையாது. வரப்பு கட்டிய ஆளை நடுவில் மாற்றினால் அவன் போட்ட கூலியை அடுத்தவரிடம் வாங்கியாவது கொடுக்க வேண்டும். ஒப்படைக்கும் நாளில் நிலத்தை நாலு மூலையிலிருந்தும் போட்டோ எடுத்து இரண்டு பேரும் வைத்துக்கொண்டால் பிறகு பேச்சுக்கு இடமில்லை. வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அதை வரப்புக் கூலியாக விட்டாலும் போதும். கட்டிய வரப்பு உங்கள் நிலத்தில்தானே இருக்கப் போகிறது, நான் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

உங்களில் பலபேர் வருடத்துக்கு ஒரு தடவை ஊர்ப் பண்டிகைக்கு வருகிறீர்கள், அப்போது பனிக்காலம், நிலம் காய்ந்து அழகாக இருக்கும். ஒரே ஒரு தடவை ஜூலையிலோ ஐப்பசியிலோ, மழை பெய்கிற நாளில் வாருங்கள். ஊட்டியிலிருந்து எமரால்டுக்கு பஸ் இருக்கிறது. உங்கள் நிலத்தின் அடிமூலையில் நின்று, வாய்க்காலில் இறங்குகிற தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அப்படியே வைத்துப் பாருங்கள், அடியில் எவ்வளவு தங்குகிறது என்று. நானும் கூட வருகிறேன், மட்டம் பார்க்கிற குச்சியையும் எடுத்து வருகிறேன், முதல் கோட்டை நீங்களே போடலாம்.

இப்படிக்கு,
இத்தலார் பக்கம் குத்தகைக்குக் கேரட் போடும் ஒருவன்