கல்லமேட்டுல இனிமே கிடைக்கிற எலும்பாவது மழையில உதிராம இருக்கணும்: ஆட்சியருக்கு ஒரு மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், அரியலூர்.

பொருள்: கல்லமேடு சுத்துவட்டாரத்துல வெளிய தெரியுற தொல்லுயிர் எச்சங்களை மழைக்காலத்துக்கு முன்னாடியே எடுத்துப் பத்திரப்படுத்தக் கோரி.

ஐயா, வணக்கம்.

நம்ம மாவட்டத்துக் கல்லமேட்டுல கிடைச்ச எலும்புகளை வச்சுதான் 1987ல புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் புருகத்காயோசாரஸ் மேட்லியினு ஒரு டைனோசருக்குப் பேர் வச்சாங்க, முழங்காலுக்குக் கீழ இருக்கிற எலும்பு ஒண்ணு மட்டுமே 2 மீட்டர், அதாவது ஒரு ஆள் நிமிர்ந்து நின்னாலும் அதைவிட உசரம். முதல்ல கறி தின்னுற டைனோசர்னுதான் எழுதினாங்க, பின்னாடிதான் இலை தழை தின்னுற நீளக் கழுத்து டைட்டனோசர்னு தெரிஞ்சுது. 110லேர்ந்து 130 டன் வரைக்கும் இருந்திருக்கலாம்னு 2023ல கணக்குப் போட்டிருக்காங்க, அது சரினா உலகத்துலயே நிலத்துல நடந்த மிகப்பெரிய உயிர்கள்ல ஒண்ணு நம்ம ஊரு மண்ணுல நடந்திருக்கு.

ஆனா அந்த எலும்பு இன்னைக்கு இல்லை ஐயா. ஈரம் ஏறி ஏறி, பிளாஸ்டர் கட்டுப் போட்டும் கட்டுக்குள்ளயே உதிர்ந்து போச்சு. மிச்சம் இருக்கிறது வரைஞ்சு வச்ச சில படங்களும் போட்டோக்களும்தான், அந்தப் போட்டோக்களும் 2022லதான் வெளிய வந்துச்சு. அன்னைக்கு வெயில்ல நின்னு தோண்டினவங்களைக் குறை சொல்ல இதை எழுதல, அதே மாதிரி இன்னொரு தடவை நடந்துடக் கூடாதுன்னுதான் எழுதுறேன்.

ஒரு புது விலங்குக்குப் பேர் வைக்கணும்னா அந்தப் பேருக்குச் சாட்சியா ஒரு எலும்பு வேணும், ஹோலோடைப்னு சொல்றாங்க. 1999க்கு அப்புறம் வைக்கிற பேருக்கு, அந்தச் சாட்சி எது, எந்தச் சேகரிப்புல இருக்குன்னு எழுதியே ஆகணும்னு சர்வதேச விதியே இருக்கு. யாராவது சந்தேகப்பட்டா போய் எடுத்துப் பார்க்கணும்ல? நம்ம டைனோசருக்கு அந்த வழியே இல்லாததாலதான் இன்னைக்கு வரைக்கும் அதைச் சந்தேகப் பட்டியல்லயே வச்சிருக்காங்க. குஜராத் கட்ச்ல பாருங்க, பானந்த்ரோ நிலக்கரிச் சுரங்கத்துல 2005ல எடுத்த 27 முதுகெலும்புத் துண்டு, கிட்டத்தட்ட இருபது வருஷம் பத்திரமா இருந்ததாலதான் 2024ல வாசுகி இண்டிகஸ்னு பேர் வாங்குச்சு, 11லேர்ந்து 15 மீட்டர் நீளப் பாம்புன்னு உலகத்துக்கே தெரிஞ்சுது. எலும்பு காத்திருக்கும் ஐயா, காஞ்ச இடத்துல வச்சா.

மழை விட்ட மறுநாள் ஓடையோரமா நடந்து பார்த்தா தெரியும். சாதாரணக் கல்லுன்னுதான் நினைப்போம், உடைஞ்ச இடத்துல பார்த்தா உள்ள பஞ்சு மாதிரி சின்னச் சின்ன ஓட்டையா இருக்கும், நாக்குல வச்சா லேசா ஒட்டும், அதான் எலும்பு. கையில எடுக்கும்போதே ஓரம் பொடிப்பொடியா கொட்டும், அடுத்த மழைக்கு அது இருக்காது. எங்க தெருவுல ஒரு வீட்டுக் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கிற கல்லே ஒரு அம்மோனைட், அதாவது அந்தக் காலத்துக் கடல்ல வாழ்ந்து அழிஞ்சுபோன ஒரு உயிரோட கல்லாப்போன ஓடு, வரி வரியா சுருண்டு அவ்வளவு அழகா இருக்கும், அந்த வீட்டுக்காரங்களுக்கு அது என்னன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை.

சொல்ல ஆள் இல்லைனா என்ன ஆகும்னு 2020 அக்டோபர்ல பெரம்பலூர் மாவட்டம் குன்னத்துல பார்த்தோம். குளம் தூர்வாரும்போது வந்த உருண்டைக் கல்லையெல்லாம் டைனோசர் முட்டைன்னு ஊரே பேசி, அப்புறம் நிபுணர்கள் வந்து பார்த்துதான் முட்டை இல்லை, அம்மோனைட் சம்பந்தப்பட்ட கல்லுன்னு சொன்னாங்க.

அதனால நான் கேக்கிறது இதுதான். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி ஒரு தடவை, முடிஞ்ச உடனே ஒரு தடவை புவியியல் தெரிஞ்சவங்க கல்லமேட்டு ஓடைகளை நடந்து பார்க்க ஏற்பாடு பண்ணுங்க. வயல்லயோ சுண்ணாம்புக்கல் சுரங்கத்துலயோ யாருக்காவது ஏதாவது கிடைச்சா தோண்டாம, கழுவாம, கிடக்கிற இடத்துலயே போட்டோ எடுத்து வி.ஏ.ஓ.கிட்ட குடுத்தா போதும், அவர் மேல அனுப்பணும்னு ஒரு உத்தரவு போடுங்க. சுரங்கமா இருந்தா ஆள் வந்து பார்க்கிற வரைக்கும் அந்த ஒரு மூலையில மட்டும் வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. எடுத்த எலும்பை மழைக்கு முன்னாடியே வாரணவாசி அருங்காட்சியகத்துல ஈரம் படாத ஒரு அறையில நம்பர் போட்டு வைக்கணும், யார் ஆராய்ச்சிக்கு எடுத்துட்டுப் போனாலும் கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுக்கணும்.

இன்னொரு ஆசையும் இருக்கு, மனுவுல எழுதலாமான்னு தெரியல, இருந்தாலும் எழுதுறேன். நம்ம பக்கத்து ஊட்டத்தூர் பேர்ல உட்டட்டூரிசெராஸ்னு ஒரு அம்மோனைட் இனமே இருக்கு, 1956ல வச்ச பேர். நாளைக்கு இங்க புதுசா ஒரு விலங்கு கிடைச்சா, பேர் வைக்கிறவங்ககிட்ட கல்லமேடுங்கிற பேரையும் யோசிக்கச் சொல்லி மாவட்டத்து சார்பா ஒரு கடிதம் அனுப்புங்க ஐயா.

இப்படிக்கு,
அரியலூர் மாவட்டத்துக்காரன் ஒருத்தன்.