தூர்வாரும் முன் ஆற்றின் அடிமட்டத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆற்றங்கரைகளைக் கல் பதித்து நிலைப்படுத்துவது பற்றியும், ஆற்றை ஒட்டிய பின்னீர்ச் சதுப்புகளை (ஆற்றோட்டத்திலிருந்து ஒதுங்கிய ஆழமற்ற நீர்நிலைகளை) மீட்பது பற்றியும் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் கட்டுரையாளர் இவற்றை இரண்டு தனி வேலைகளாக எழுதிவிட்டார்: கரைக்குக் கல், சதுப்புக்குத் தூர்வாரல். முதல் வேலையால்தான் இரண்டாவது வேலையே வந்து சேர்கிறது என்பது விடுபட்டுப்போனது.

தன் போக்கில் ஓடும் ஆறு ஒரு கரையை அரித்து எதிர்க்கரையில் மணலைச் சேர்க்கும். வளைவு பெரிதாகிக்கொண்டே போய், ஏதோ ஒரு வெள்ளத்தில் ஆறு குறுக்கே வெட்டிக்கொண்டு நேராகப் பாயும். அப்படி ஒதுங்கிய பழைய வளைவுதான் பின்னாளில் மீன் குஞ்சுகள் வளரும் இடமாகவும், கோரை மண்டிய சதுப்பாகவும் ஆகிறது. அதுவும் நிலையானதல்ல, வண்டல் படிந்து மெல்ல மேடாகும். பழையது மேடாக, ஆறு வேறோர் இடத்தில் புதியதை உண்டாக்கும். கரையைக் கல்லால் பூட்டிய பிறகு புதியது உண்டாவது நின்றுவிடுகிறது; பழையது மேடாவது மட்டும் நிற்பதில்லை. அதற்காகக் கல்லே பதிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. பாலத்துக்கும் ஊருக்கும் பக்கத்தில் ஆற்றை இஷ்டத்துக்கு அலையவிட முடியாது, சரி.

அமெரிக்காவின் மிசௌரி ஆற்றைப் பாருங்கள். அயோவா மாநிலத்துச் சூ சிட்டி நகரம் தொடங்கி மிசிசிப்பி ஆற்றில் கலக்கும் இடம் வரை, சுமார் 1,180 கிலோமீட்டர் தூரத்துக்கு, சரக்குப் படகுகளுக்காக 9 அடி ஆழமும் 300 அடி அகலமும் கொண்ட ஒற்றைத் தடமாக அதை ஒடுக்கினார்கள். 1981இல் வேலை முடிந்தது. மேலே உள்ள அணைகள் வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்ள, தெளிந்த நீர் குறுகிய தடத்தில் வேகமாக இறங்குகிறது. பக்கத்தில் கல் இருப்பதால் அது அடியை அரிக்கிறது. சூ சிட்டிப் பக்கம் படுகை பல அடி கீழே போய்விட்டது. ஆறு இறங்கினால் அதைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரும் இறங்கும். ஓரத்துச் சதுப்பு அந்தரத்தில் நின்று காயும். அங்கே எத்தனை லோடு மண்ணை அள்ளினாலும், படுகை இறங்கிக்கொண்டே இருக்கும்வரை பிடிமானம் இல்லை. ஜெர்மனியில் ரைன் ஆற்றின் இஃபெட்ஸ்ஹைம் தடுப்பணைக்குக் கீழே 1978 முதல் ஆண்டுதோறும் சரளைக்கல்லை ஆற்றில் கொட்டி வருவது இந்த அரிப்பை ஈடுகட்டத்தான்.

மேல் மிசிசிப்பியின் நோய் வேறு. 1930களில் கட்டிய தடுப்பணைகள் நீர்மட்டத்தை உயர்த்தியதால் ஓரத்தில் ஏராளமான ஆழமற்ற நீர்ப்பரப்புகள் உண்டாயின. காலப்போக்கில் அலை அடித்துத் தீவுகள் கரைந்தன, நுண்வண்டல் நிறைந்தது, கலங்கிய நீரில் வெளிச்சம் இறங்காமல் செடிகள் அழிந்தன. இங்கே தூர்வாரல் உதவும். அள்ளிய மணலையும் வண்டலையும் கொண்டே தீவுகளை மீண்டும் எழுப்பி, காற்றின் வேகத்தை மறித்திருக்கிறார்கள். எனக்கு இதைவிடப் பிடித்தது வேறொன்று. 2001, 2002 கோடைகளில் அங்கே எட்டாம் எண் தடுப்பணைக்கு மேலே நீர் தேங்கும் பகுதியில் நீர்மட்டத்தைச் சுமார் ஒன்றரை அடி தாழ்த்தினார்கள். வெயில் பட்ட சேறு இறுகியது, அதில் புதைந்து கிடந்த விதைகள் முளைத்தன, வேர்கள் சேற்றைப் பிடித்துக்கொண்டன. (இயந்திரம் இறங்கிச் சேற்றை வாரினால் படம் எடுக்கலாம். ஒன்றரை அடி தண்ணீர் குறைந்ததை யார் படம் எடுப்பார்கள்?)

ஆக, அடி இறங்கும் ஆற்றுக்கும் ஓரம் மேடாகும் ஆற்றுக்கும் ஒரே மருந்தைக் கட்டுரை எழுதிக் கொடுத்திருக்கிறது என்பதுதான் என் குறை.

அப்புறம், எல்லாப் பின்னீர்களையும் இரண்டு முனையிலும் ஆற்றோடு இணைத்துவிட வேண்டும் என்கிறார். மேல்முனையை அகலத் திறந்தால் வெள்ளத்தோடு வண்டலும் உள்ளே வந்து, அள்ளிய இடத்தையே மறுபடி நிரப்பும். கீழ்முனையைத் திறந்து வைத்து, மேல்முனை வாசலில் உயரமான படி போன்ற தடுப்பு வைத்துப் பெருவெள்ளத்தை மட்டும் விடுவது பல இடங்களில் போதும். ஆறு உறையும் நாடுகளில் குளிர்காலத்து மீன்கள் ஓட்டமில்லாத, ஆனால் ஆக்சிஜன் வற்றாத நீரைத் தேடி வருகின்றன. அங்கே ஓட்டம் கூடினாலும் தொல்லை, அறவே நின்றாலும் தொல்லை. சில குட்டைகள் தனியாகவே இருக்கட்டும். மீன் எட்டாத நீரில்தான் பல வகைத் தவளைகளின் குஞ்சுகள் நன்றாகப் பிழைக்கும்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அவர் பரிந்துரைக்கும் ஒவ்வொரு இடத்திலும் படுகையின் மட்டம் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்ற அளவீட்டையும், ஆண்டில் எத்தனை நாள் ஆற்றுநீர் அந்தச் சதுப்பின் வாசலைத் தொடுகிறது என்பதையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். வரைபடமாகத் தந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியாளர் ஒருவர்